'இயக்கத்துக்குப் போனவ' என்ற பட்டத்தோடு வாழும் எமது அயலூர்ப் பெண்கள்

நோன்புப் பெருநாள் நெருங்கினால் எமது ஊர்த் தையல்காரர்களைப் பிடிக்க முடியாது. ரமழான் பிறை பதினைந்தைத் தாண்டிவிட்டால் கல்முனைக்குடியில் யாரும் புதிதாகத் துணி பொறுப்பேற்பதில்லை. சில வருடங்களுக்கு முன்னர் அப்படியொரு நெருக்கடியில், பக்கத்துத் தமிழ்க் கிராமமொன்றில் நன்றாகத் தைக்கும் ஒரு பிள்ளை இருக்கிறாராம் என்று கேள்விப்பட்டு என் உம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். முப்பது வயதைக் கடந்த பெண். இடது முழங்கை மடியாது. அந்தக் கையால் துணியை அழுத்திப் பிடித்து, வலது கையால் நகர்த்தி, காலால் மெசினை மிதித்துத் தைத்தார். இருபத்தேழாம் இரவுக்கு முன்னர் ஐந்து உடுப்பும் தயாராக இருந்தன. உம்மாவுக்கு அவரை நன்றாகப் பிடித்துவிட்டது. உடுப்புகளை எடுத்துக்கொண்டு திரும்பும் வழியில் ஓட்டோக்காரர்தான் சொன்னார்: "அவ இயக்கத்துக்குப் போனவ. தெரியாதா உங்களுக்கு?"

வீடு வந்து சேரும் வரை உம்மா ஒன்றும் பேசவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. உம்மாவின் மூத்த காக்கா 1990 இல் வயலுக்குப் போனவர், ஜனாஸாவாகத்தான் வீட்டுக்கு வந்தார்.

அந்தப் பெண்ணைப் போன்றவர்கள் கல்முனை தொடக்கம் திருக்கோவில் வரை, வடக்கே மட்டக்களப்பின் படுவான்கரை வரை, கிராமத்துக்குக் கிராமம் இருக்கிறார்கள். அவர்கள் எப்படிப் போனார்கள், எப்படித் திரும்பினார்கள், திரும்பிய பின்னர் என்ன ஆனார்கள் என்பது அதே பிரதான வீதியில், அதே சந்தையில் அவர்களோடு அன்றாடம் உரசிக்கொண்டு நடக்கும் எமக்குப் பெரும்பாலும் தெரியாது. எமக்குத் தெரிந்ததெல்லாம் ஓட்டோக்காரர் சொன்ன அந்த ஒரு வசனம்தான்.

அந்த வசனத்தையே கொஞ்சம் கவனியுங்கள். ஓர் ஆணைப் பற்றிப் பேசும்போது "அவர் இயக்கத்தில இருந்தவர்" என்கிறார்கள். அதில் பயமோ மரியாதையோ ஏதோ ஒன்று கலந்திருக்கும். பெண்ணென்றால் "போனவ". வீட்டை விட்டுப் போனவள், ஊருக்குத் தெரியாத இடத்தில் இருந்துவிட்டு வந்தவள் என்ற அர்த்தம் அந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. ஆண் போனது யுத்தத்துக்கு. பெண் போனது எங்கோ.

முதலில் எமது காயத்தைப் பேசிவிடுவோம். அதைத் தாண்டாமல் இந்த விடயத்தை எமது ஊரில் யாரும் வாசிக்கப் போவதில்லை. 1990 ஜூன் 11ஆம் திகதி கிழக்கின் பொலிஸ் நிலையங்களைப் புலிகள் சுற்றிவளைத்தார்கள். கல்முனைப் பொலிஸ் நிலையமும் அதில் ஒன்று. சரணடைந்த 600க்கும் மேற்பட்ட பொலிஸார் கொல்லப்பட்டார்கள். அவர்களில் சிங்களவர்களும் இருந்தார்கள், எமது பிள்ளைகளும் இருந்தார்கள். ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஷஹீதாக்கப்பட்டார்கள். ஒரு கிழமை கழித்து ஏறாவூர். ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் அனைவரும் விரட்டப்பட்டார்கள். இதே 1990 இல் கல்முனை, பாண்டிருப்பு, வீரமுனைத் தமிழ் மக்களும் படையினராலும் அவர்களோடு நின்றவர்களாலும் கொல்லப்பட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு முழுமையாகும்.

இந்தக் கணக்கில் அந்தத் தையல்காரப் பெண் எங்கே வருகிறார்? அடுத்த வருடம் உம்மாவே அதைக் கேட்டுவிட்டார். "எத்தனையில பிறந்த மகள்?" என்றார். "எண்பத்தேழு உம்மா." உம்மாவின் காக்கா மௌத்தானபோது அந்தப் பிள்ளைக்கு மூன்று வயது. அவரைக் கொண்டுபோனது 2002 இல். அப்போது பதினைந்து.

இது அவர் ஒருவரின் கதையல்ல. இன்று கிழக்கில் நாற்பதை ஒட்டிய வயதில் இருக்கும் முன்னாள் போராளிப் பெண்கள் பலர் 1990 இன் குழந்தைகள். எமது பள்ளிவாசல்களில் இரத்தம் ஓடியபோது அவர்கள் தாயின் இடுப்பில் இருந்தவர்கள். அந்தக் கொலைகளுக்கு உத்தரவிட்டவர்களையும் அவற்றுக்குப் பன்னிரண்டு வருடங்களின் பின்னர் பாடசாலைச் சீருடையோடு கொண்டுபோகப்பட்டவர்களையும் ஒரே சொல்லுக்குள் அடைத்து வைத்திருக்கிறோம்.

பெண்கள் ஆயுதம் ஏந்திய கதை 1980களில் தொடங்குகிறது. ஈ.பி.ஆர்.எல்.எப். போன்ற இயக்கங்களிலும் பெண்கள் இருந்தார்கள். புலிகளின் முதலாவது மகளிர் அணி 1985 இல் தமிழ்நாட்டில் பயிற்சி பெற்றது. 1987 ஒக்டோபர் 10ஆம் திகதி கோப்பாயில் இந்திய இராணுவத்துடனான மோதலில் இறந்த மாலதியைத்தான் தமது முதலாவது பெண் மாவீரராகப் புலிகள் அறிவித்தார்கள். பின்னர் மாலதி படையணி, சோதியா படையணி, கடற்புலிகளின் மகளிர் பிரிவு என்று வளர்ந்தது. ஆரம்பத்தில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் விரும்பிச் சேர்ந்தவர்கள். கறுப்பு ஜூலையைக் கண்டவர்கள், தகப்பனையோ சகோதரனையோ படையினரிடம் பறிகொடுத்தவர்கள், சீதனக் கொடுமையும் அடுப்படியும் தவிர வேறு வாழ்க்கை இருக்கிறதா என்று தேடியவர்கள் அவர்களில் இருந்தார்கள். மோட்டார் சைக்கிள் ஓட்டுவதும், இரவில் தனியாக நடப்பதும், வரைபடம் பார்த்து முடிவெடுப்பதும் அவர்களுக்குக் கிடைத்தது உண்மை. அதே ஆட்கள் யாருடைய உத்தரவைக் கேட்டு, யாரை நோக்கிச் சுட்டார்கள் என்பதும் உண்மை. இரண்டில் ஒன்றை மறைத்துத்தான் இதுவரை பெரும்பாலோர் எழுதியிருக்கிறார்கள்.

கிழக்கின் கதை பின்னாளில் வேறு மாதிரி ஆனது. 2002 பெப்ரவரியில் யுத்தநிறுத்தம் வந்தது. அரசியல் வேலைக்கென்று புலிகள் அரச கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்குள் சட்டபூர்வமாக வந்தார்கள். சமாதானம் வந்ததென்று நாமெல்லாம் மகிழ்ந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில்தான் மட்டக்களப்பு, அம்பாறைத் தமிழ்க் கிராமங்களில் வீட்டுக்கு ஒரு பிள்ளை கேட்டார்கள். கொடுக்காத வீட்டில் தாமே எடுத்தார்கள். பாடசாலை வழியில், கோயில் திருவிழாவில், ரியூசன் முடிந்து வரும் பாதையில் பிள்ளைகள் காணாமல் போனார்கள். யுத்தநிறுத்தத்தின் பின்னர் 2004 இறுதி வரை மட்டும் 18 வயதுக்குட்பட்ட 3,500க்கும் மேற்பட்டவர்கள் சேர்க்கப்பட்டதாக யுனிசெப் பதிவு செய்திருந்தது. பெரும்பகுதி கிழக்கில். அவர்களில் சுமார் 40 வீதமானோர் பெண் பிள்ளைகள். எமது ஊரில் அப்போது இது எப்படித் தெரிந்தது? தமிழ்க் கிராமங்களிலிருந்து எமது பிள்ளைகளோடு ரியூசனுக்கு வந்தவர்கள் வராமல் நின்றார்கள். ஏன் என்று நாம் பெரிதாகக் கேட்கவில்லை.

2004 மார்ச்சில் கிழக்குத் தளபதி கருணா வன்னித் தலைமையிலிருந்து பிரிந்தார். ஏப்ரல் 9ஆம் திகதி, பெரிய வெள்ளியன்று, வன்னிப் படைகள் வெருகல் ஆற்றைக் கடந்து வந்தன. ஒரே இயக்கத்தின் பிள்ளைகள் ஒருவரையொருவர் சுட்டார்கள். சில நாட்களில் கருணா தன் படையைக் கலைத்துவிட்டுப் போய்விட, ஆயிரக்கணக்கான போராளிகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். கலைக்கப்பட்ட முகாம்களின் வாசலில் தாய்மார் பிள்ளைகளைத் தேடி நின்ற அந்த நாட்கள் கிழக்கு வரலாற்றில் போதுமான அளவு எழுதப்படவில்லை.

வீட்டுக்கு வந்த பெண் பிள்ளைகளை அவர்களின் தலைமுடியே காட்டிக்கொடுத்தது. இயக்கத்தில் முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார்கள். அது வளரும்வரை வெளியே போக முடியாது. வன்னித் தரப்பு திரும்பவும் வந்து பிடிக்கும் என்ற பயம், அப்படிப் பிடிக்கவும்பட்டார்கள். இராணுவத்துக்கும் பயம். அதனால் பல தாய்மார் அவசர அவசரமாகக் கலியாணம் செய்து வைத்தார்கள். திருமணமான பெண்ணைக் கொண்டுபோக மாட்டார்கள் என்ற நம்பிக்கையில், பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு, கிடைத்த மாப்பிள்ளைக்கு. அப்படிச் செய்த பல திருமணங்களின் முடிவை இன்று பிரதேச செயலகங்களில் 'பெண் தலைமைத்துவக் குடும்பம்' என்ற பட்டியலில் பார்க்கலாம்.

வடக்குப் பெண் போராளிகளுக்கும் கிழக்கில் 2004 இல் வந்தவர்களுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. கிழக்கில் கலைந்துபோன இவர்களுக்குப் புனர்வாழ்வு என்று ஒன்று நடக்கவில்லை. சிறுவர்களுக்கென யுனிசெப்பும் சில தொண்டு நிறுவனங்களும் செய்த உதவிகளைத் தவிர, வளர்ந்தவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள். கையில் ஒரு கடதாசியும் இல்லை. எட்டு மாதத்தில் டிசம்பர் 26 சுனாமி வந்து அவர்கள் ஒளிந்திருந்த வீட்டையும் கொண்டுபோனது.

வீடு என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர் எழுதும் ஆய்வுகளில் இது தவறிப்போகிறது. எமக்கோ சொல்லாமலே விளங்கும். எமது கரையோரத்தில் தமிழரும் முஸ்லிம்களும் பொதுவாக வைத்திருக்கும் வழக்கம் தாய்வழிக் குடி முறையும் மகளுக்கு வீடு கொடுப்பதும். அக்கரைப்பற்றில் நீண்டகாலம் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இதை விரிவாக எழுதியிருக்கிறார். மூத்த மகளுக்கு வயது வந்தால் இருக்கும் வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் பின்வளவில் ஒரு கொட்டிலில் ஒதுங்குவது எமது வாப்பாமாரும் செய்வதுதானே. மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். வீடில்லாத பெண்ணுக்கு மாப்பிள்ளை இல்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். மூத்த மகளைப் பதினைந்து வயதில் கொண்டுபோய்விட்டார்கள். திரும்பி வருவாளா, உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாது. இரண்டாம் மகளுக்கு வயது வருகிறது. பெற்றோர் என்ன செய்வார்கள்? வீட்டைத் தங்கைக்கு எழுதுவார்கள். மூத்தவள் திரும்பி வரும்போது தங்கையின் வீட்டில் விருந்தாளி. மச்சானின் முகத்தைப் பார்த்துச் சாப்பிட வேண்டும். சுனாமி வீட்டுத் திட்டங்கள் வந்தபோதும், பல இடங்களில் 'குடும்பத் தலைவர்' என்ற பெயரில் ஆண்களுக்கே வீடு எழுதப்பட்டது. எமது பெண்களும் அதில் தலைமுறைச் சொத்துரிமையை இழந்தார்கள். குடும்பமே அமையாத ஒரு முன்னாள் போராளிக்கு அந்தப் பட்டியலில் இடமேது? வடக்கில் காணி மீட்புப் பற்றிப் பேசுகிறார்கள். கிழக்கில் இந்தப் பெண்கள் இழந்தது காணியை அல்ல, தாய்வீட்டில் தமக்கிருந்த முறையை. அதைத் திருப்பிக் கொடுக்க ஒரு திணைக்களமும் இல்லை.

கிழக்கில் புலிகளின் கதை 2007 இல் முடிந்தது. அந்த ஜனவரியில் அம்பாறையின் கஞ்சிகுடிச்சாறு முகாம்கள் விசேட அதிரடிப்படையிடம் வீழ்ந்தன, ஜூலையில் தொப்பிகல. ஏற்கெனவே வன்னிக்குப் போயிருந்த கிழக்குப் பெண்கள் 2009 மே வரை, முள்ளிவாய்க்கால் வரை நின்றார்கள். அங்கே சரணடைந்து புனர்வாழ்வுக்கு உட்படுத்தப்பட்டவர்கள் சுமார் 12 ஆயிரம் பேர். 2,000க்கும் மேற்பட்டவர்கள் பெண்கள். 594 பேர் 18 வயதுக்குக் குறைந்தவர்கள்.

புனர்வாழ்வு முகாமில் பெண்களுக்குக் கற்பித்தது தையல், அழகுக்கலை, கேக் செய்தல், முன்பள்ளி ஆசிரியர் பயிற்சி, சிங்களம். 2010 ஜூனில் வவுனியாவில் 53 முன்னாள் போராளி ஜோடிகளுக்குக் கூட்டுத் திருமணம் நடத்திவைத்தார்கள். அமைச்சர்கள் வந்தார்கள், கமராக்கள் வந்தன. ஏற்கெனவே காதலித்தவர்கள், நிச்சயிக்கப்பட்டவர்கள் சேர்ந்து வாழ வழி கிடைத்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் படகு ஓட்டியவரும், காயப்பட்டவர்களுக்குச் சத்திரசிகிச்சைக் கூடத்தில் கைகொடுத்தவரும், கணக்குப் பிரிவை நடத்தியவரும் முகாமை விட்டு வெளியே வரும்போது எல்லோர் கையிலும் ஒரே சான்றிதழ், ஒரே தையல் மெசின். அந்த மெசின்களில் எத்தனை அடைவு கடைக்குப் போயின என்பது அந்தந்த ஊருக்குத் தெரியும். ஒரு கிராமத்தில் பத்துப் பேருக்குத் தையல் பழக்கினால் யாருக்கு யார் தைப்பது?

வன்னியில் சில ஆயிரம் பேரை சிவில் பாதுகாப்புத் திணைக்களம் பண்ணைகளிலும் முன்பள்ளிகளிலும் வேலைக்கு எடுத்தது. மாதச் சம்பளம் கிடைத்தது. அடுப்பெரிந்தது. சிறுபிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் முன்பள்ளி ஆசிரியைக்குப் பாதுகாப்புத் தரப்பு சம்பளம் கொடுப்பதா என்று தமிழ் அரசியல்வாதிகள் எதிர்த்தார்கள். எதிர்ப்பில் நியாயம் உண்டு. ஆனால் அந்தச் சம்பளத்துக்குப் பதில் வேறொரு சம்பளத்தை யாரும் காட்டவில்லை. 2018 இல் விசுவமடுவில் இருந்த கேணல் ரத்னப்பிரிய பந்து இடமாற்றம் பெற்றுப் போனபோது முன்னாள் போராளிகள் அழுது வழியனுப்பிய படங்கள் நாடெங்கும் பரவின. ஒரு பக்கம் அதை நல்லிணக்கம் என்றது, மறுபக்கம் துரோகம் என்றது. வேலை கொடுத்தவர் போகிறார், அடுத்தவர் எப்படியோ என்ற கவலையாகவும் அது இருக்கலாம் என்று யாரும் நினைக்கவில்லை.

அரச படையில் இருந்த பெண்களின் நிலை என்ன? இராணுவ மகளிர் படையணி 1979 இல் தொடங்கப்பட்டது. பெரும்பாலும் சிங்களக் கிராமப்புறப் பெண்கள். அவர்களுக்கும் சொல்லாத கதைகள் இருக்கும். என்றாலும் சீருடை, சம்பளம், சேவைக்கால முடிவில் ஓய்வூதியம், 'ரணவிரு' என்ற மரியாதை இருக்கிறது. 2012 நவம்பரில் கிளிநொச்சிப் பகுதியிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் யுவதிகள் இராணுவத்தில் சேர்க்கப்பட்டார்கள். எழுதுவினைஞர் வேலை என்று சொல்லித்தான் அழைத்தார்கள் எனச் சில குடும்பங்கள் கூறின. அடுத்த மாதமே அவர்களில் சிலர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட, அதற்கு ஆளாளுக்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். அந்தப் பெண்கள் வாய்திறந்து தம் விளக்கத்தைச் சொல்ல யாரும் விடவில்லை.

கிழக்கின் ஆண் தலைவர்களுக்கு என்ன நடந்தது என்று பார்த்தால் வித்தியாசம் இன்னும் தெளிவாகும். மட்டக்களப்பு, அம்பாறைக்குப் பொறுப்பான தளபதியாக இருந்த கருணா 2008 இல் பாராளுமன்ற உறுப்பினர், 2009 இல் அமைச்சர். பிள்ளையான் 2008 மே மாதம் கிழக்கு மாகாண முதலமைச்சர். அந்த மாகாண சபையில் எமது உறுப்பினர்களும் அமர்ந்திருந்தார்கள். 2020 ஜூனில் எமது மாவட்டத்து நாவிதன்வெளியில் தேர்தல் கூட்டமொன்றில், ஆனையிறவில் ஒரே இரவில் இரண்டாயிரம் மூவாயிரம் இராணுவத்தைக் கொன்றேன் என்று கருணா பெருமையாகப் பேசினார். பொலிஸ் வாக்குமூலம் எடுத்தது. அந்தத் தேர்தலில் அவருக்குத் திகாமடுல்லையில் சுமார் 29 ஆயிரம் வாக்குகளும் விழுந்தன. அவரது கட்டளையின் கீழ் பதினைந்து வயதில் துப்பாக்கி தூக்க வைக்கப்பட்ட பெண், தான் எந்தக் களத்தில் நின்றேன் என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் கூடச் சொல்ல மாட்டாள். சொன்னால் மகளுக்குக் கலியாணம் நடக்காது.

வாய்திறந்த ஒரு சிலருக்கு என்ன நடந்தது? புலிகளின் மகளிர் அரசியல்துறைப் பொறுப்பாளராக இருந்த தமிழினி, சிறையிலும் பூந்தோட்டம் புனர்வாழ்வு முகாமிலும் நான்கு வருடங்களைக் கழித்து 2013 இல் வெளியே வந்தார். 2015 ஒக்டோபரில் புற்றுநோயால் இறந்தார். அவரது 'ஒரு கூர்வாளின் நிழலில்' மறுவருடம் வெளிவந்தது. இயக்கத்தின் முடிவுகளை உள்ளிருந்தே கேள்வி கேட்கும் நூல். இறந்தவர் எழுதியதுதானா என்று தொடங்கி, இராணுவம் எழுதிக் கொடுத்தது என்பது வரை சொன்னார்கள். போர்க்களத்தில் கட்டளை இடத் தகுதி உள்ளவர் என்று ஏற்றுக்கொண்டவர்களுக்கு, அவர் ஒரு புத்தகத்தைத் தானே எழுதியிருப்பார் என்று ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இது எமது நாட்டின் நோய் மட்டுமல்ல. இரண்டாம் உலகப் போரில் எட்டு முதல் பத்து இலட்சம் சோவியத் பெண்கள் படையில் இருந்தார்கள். வெற்றி பெற்ற படை! அப்படியிருந்தும் ஊர் திரும்பியவர்கள் பதக்கங்களைப் பெட்டியில் ஒளித்து வைத்தார்கள். ஆண்களோடு களத்தில் கிடந்தவள் என்ற பேச்சுக்குப் பயந்து. பெலாரஸ் எழுத்தாளர் ஸ்வெத்லானா அலெக்சியேவிச் நாற்பது வருடங்களின் பின்னர் அவர்களைத் தேடிப் பேசவைத்து எழுதினார். 2015 இல் நோபல் பரிசு பெற்றார். நேபாளத்தில் ஐ.நா. உறுதிப்படுத்திய 19,602 மாவோயிஸ்ட் போராளிகளில் 3,846 பேர் பெண்கள். விலக விரும்பியவர்களுக்கு, ஆண் பெண் வேறுபாடின்றி, ஐந்து முதல் எட்டு இலட்சம் நேபாள ரூபா கொடுத்தார்கள். சிறு வயதில் சேர்க்கப்பட்டவர்கள் என்று விலக்கப்பட்டவர்களுக்கு மட்டும் அந்தப் பணம் இல்லை. பிள்ளையாகப் பிடிபட்டவருக்குத்தான் எங்கும் குறைவு.

இனி, இதில் எமக்கென்ன என்ற கேள்வி. 2019 ஏப்ரலுக்கு முன்னர் என்றால் இதற்குப் பதில் சொல்லக் கஷ்டப்பட்டிருப்பேன். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின்னர் சாய்ந்தமருதில் அந்த இரவு குண்டு வெடித்ததும், வீடு வீடாகச் சோதனை நடந்ததும், முகத்திரை தடைசெய்யப்பட்டதும், பஸ்ஸில் பக்கத்து ஆசனத்திலிருந்து எழும்பிப் போனதும் எமது பெண்களுக்கு மறந்திருக்காது. யாரோ செய்ததற்கு உடுப்பைப் பார்த்துச் சந்தேகிக்கப்படுவது என்றால் என்னவென்று அன்றுதான் எமக்குத் தெரிந்தது. குட்டை முடியோடு வந்தவர்களுக்கு அது 2004 இலேயே தெரியும்.

அதைவிட முக்கியமான ஒன்றைப் பலர் கவனிக்கவில்லை. 2021 மார்ச்சில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ஒரு வர்த்தமானி வெளிவந்தது. தீவிரவாத மதக் கருத்தியல் கொண்டவர் என்று சந்தேகிக்கப்படுபவரை, வழக்கு விசாரித்துத் தீர்ப்பளிக்காமலே இரண்டு வருடம் வரை புனர்வாழ்வுக்கு அனுப்பலாம் என்றது. அது யாரைக் குறிவைத்தது என்று சொல்லத் தேவையில்லை. அவ்வருடம் ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. 2022 இல் வந்த புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலத்தில் போதைப்பொருளுக்கு அடிமையானோர், முன்னாள் போராளிகள், வன்முறைத் தீவிரவாதக் குழுவினர் என எல்லோரையும் ஒன்றாகப் போட்டிருந்தார்கள். அந்த வடிவில் அது அரசியலமைப்புக்கு முரண் என்று நீதிமன்றம் சொல்ல, திருத்தத்தோடு 2023 ஜனவரியில் நிறைவேறியது. வன்னிப் பெண்களைப் பூந்தோட்டத்தில் வைத்துப் 'புனர்வாழ்வு' கொடுத்தபோது எமக்கு அது பக்கத்து வீட்டு விடயம். பன்னிரண்டு வருடத்தில் அதே சொல் எமது கதவையும் தட்டியது.

கல்முனையில் எல்லாம் இரண்டாக இருக்கிறது. சில நிமிடப் பயணத் தூரத்தில் இரண்டு ஆதார வைத்தியசாலைகள்: வடக்கு ஆதார வைத்தியசாலை, அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை. பிரதேச செயலகத்தைப் பிரிப்பதா வேண்டாமா என்பது தேர்தலுக்குத் தேர்தல் வரும் சண்டை. அந்தச் சண்டையில்தான் கருணாவும் வாக்குத் தேடினார். ஆனால் நுண்கடன்காரன் மட்டும் இரண்டு பக்கத்துக்கும் ஒரே ஆள்தான். கிழமைக்குக் கிழமை அதே மோட்டார் சைக்கிளில் தமிழ்க் கிராமத்துக்கும் வருவான், எமது ஒழுங்கைக்கும் வருவான். வடக்கு கிழக்கில் சுமார் 89 ஆயிரம் போர் விதவைகள், அதில் 49 ஆயிரம் பேர் கிழக்கில் என்று 2010 இல் சொன்னவர் அன்றைய பிரதியமைச்சர் ஹிஸ்புல்லாஹ். அந்த 49 ஆயிரத்தில் காத்தான்குடி, ஏறாவூர் ராத்தாமாரும் இருக்கிறார்கள், படுவான்கரை அக்காமாரும் இருக்கிறார்கள். 2018 இல் ஒரு இலட்சம் ரூபாவுக்குக் குறைந்த நுண்கடனை வரட்சி மாவட்டப் பெண்களுக்கு அரசு தள்ளுபடி செய்ய முன்வந்தபோது யாரும் இனத்தைக் கேட்கவில்லை. கடன் கழுத்தை நெரித்தது ஒரே மாதிரித்தான்.

2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தால் இழப்பீட்டுக்கான அலுவலகம் உருவாக்கப்பட்டது. எமது 1990 ஷஹீதுகளின் குடும்பங்களுக்கு நீதி கேட்கும் அமைப்புகள் அதன் வாசலுக்கும் போக வேண்டும், பதினைந்து வயதில் பிடிக்கப்பட்டவர்களும் போக வேண்டும். கட்டாயமாகச் சேர்க்கப்பட்ட சிறுமியைப் பாதிக்கப்பட்டவராகப் பதிய வேண்டும் என்று ஒரு முஸ்லிம் அமைப்பு கேட்டால் எமது ஷஹீதுகளின் வழக்கு பலவீனப்படாது. பிடித்தவன் யார், உத்தரவிட்டவன் யார் என்ற கேள்வி இரண்டு வழக்கிலும் ஒரே ஆட்களிடம்தான் போய் நிற்கும். என் உம்மாவுக்கு இதை நான் விளக்கத் தேவைப்படவில்லை. அவர் விரல் விட்டு எண்ணியே கண்டுபிடித்துவிட்டார்.

போன ரமழானுக்கு உம்மா ரஜப் மாதத்திலேயே துணியைக் கொடுத்துவிட்டார். முழங்கை இப்போது இரவில் அதிகம் குத்துகிறதாம். உள்ளே இன்னும் ஷெல் துண்டு இருக்கிறது. "ஆஸ்பத்திரிக்குக் காட்டலாமே மகள், எங்கட பக்கத்து ஆஸ்பத்திரிக்கு வேணுமெண்டா நான் கூட்டிட்டுப் போறன்" என்றார் உம்மா. அவர் துணியின் ஓரத்தைப் பல்லால் பிடித்து நூலை அறுத்துக்கொண்டே சொன்னார்: "எக்ஸ்ரே எடுத்தா, இது எப்பிடி வந்ததெண்டு கேப்பாங்க உம்மா."